சங்கக்கா தொட்டதெல்லாம்

எங்கள் அலுவலகத்தில் யாராவது புதிதாக ஒன்றைப் படிக்க வேண்டும் என்றால், முதலில் சங்கக்கா எதைப் படிக்கிறார் என்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அதைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் படிப்பார்கள். இது எங்கும் எழுதி வைக்காத விதி. எழுதி வைத்த விதிகளை எங்கள் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றி நான் பார்த்ததில்லை.

நாங்கள் மருந்து மொத்த வியாபாரிகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். எந்தப் பெட்டி எந்த அலமாரியில் இருக்கிறது, எது எப்போது காலாவதியாகிறது, எதை முதலில் வெளியே அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அது சொல்லும். அங்கே நான் சோதனை செய்பவள். மற்றவர்கள் எழுதியதைப் போட்டு உடைத்து, இந்தா பார், இங்கே ஓட்டை என்று காட்டுவது என் பிழைப்பு. அதனால் எனக்கு நண்பர்கள் குறைவு, வாய் நீளம் என்று பெயர் வேறு. பக்கத்து நாற்காலி சங்கக்காவுடையது. அவர் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பது கடினம் என்பதால் எங்களுக்குள் சண்டை வந்ததில்லை.

அக்காவின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. சங்கு என்ற பெயரை வைத்தவன் தாடி. தாடியும் நிரல் எழுதுபவன்தான். நல்ல மூளை, ஆனால் வாயும் மூளையும் ஒரே நேரத்தில் ஓடாது. அக்கா எதைப் படித்தாலும் கொஞ்ச நாளில் அதற்குச் சங்கு ஊதிவிடுகிறார்கள் என்று அவன் ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து அவர் சங்கக்கா ஆகிவிட்டார், அவர் இல்லாத இடங்களில் மட்டும்.

உள்ளதைச் சொல்வதென்றால், தாடி ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை. அக்கா படிப்பு முடித்து வேலைக்கு வந்தபோது கறுப்புத் திரையின் முன்னால் உட்கார வைத்தார்கள். பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது, எல்லாமே விசைப்பலகைதான். அவர் அதை ஆசையாகப் படித்தார். விரல் பழகி வந்த நேரத்தில் அதை மூடினார்கள். அடுத்தது பிரவுசரில் ஓடுவது. அது ஓட ஒரு துண்டுச் செயலியைத் தனியாக இறக்கிப் போட வேண்டும். போட்டால் பொத்தான்கள் துள்ளும், படங்கள் அசையும், பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஒரு நாள் எல்லா பிரவுசர்களும் சேர்ந்து அந்தத் துண்டு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டன. மூன்றாவது, பொத்தான் வைத்த ஒரு போனுக்கு எழுதுவது. அந்தப் போன் இப்போது யார் வீட்டு இழுப்பறையிலாவது சார்ஜர் இல்லாமல் கிடக்கும்.

மூன்று முறையும் செத்ததில் இருந்த சரக்கையெல்லாம் புதியதற்குத் தூக்கிக் கொண்டுவந்து சேர்த்தது அக்காதான். வியாபாரிகளின் கணக்கில் ஒரு பெட்டி தவறியது கிடையாது. அதை யாரும் பேச மாட்டார்கள். நன்றாக நடந்த வேலையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

பிறகு அவரைச் சாம்பல் ஜன்னலுக்கு அனுப்பினார்கள். அதுதான் எங்கள் பிரதான சரக்கு. கணினியில் தனியாக நிறுவி ஓட்டுவது, திரை முழுக்கச் சாம்பல் நிறப் பெட்டிகள். கிடங்கில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதில் தட்டுவார்கள். அக்காவின் பெயர் அந்த அணியில் வந்த அன்று தாடி தூணைக் கட்டிக்கொண்டு, "போச்சு. நம்ம சாம்பலுக்கும் நாள் குறிச்சாச்சு" என்றான். அக்கா அப்போதுதான் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தார். கேட்டிருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார், நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

சொல்லி வைத்த மாதிரி, போன வருடம் அறிவிப்பு வந்தது.

எங்கள் மேலாளர் வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மனிதர். கெட்ட செய்தியைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லிக்கொண்டு வெளியே வருவோம். இருக்கைக்கு வந்த பிறகுதான் வலிக்கும். அன்று எல்லோரையும் கூட்டி, சாம்பல் ஜன்னலை எழுதப் பயன்படுகிற கருவியைத் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிடுகிறது என்றார். மொத்தத்தையும் புதிதாக எழுதப் போகிறோம். அதற்கு மூன்று பாதைகள். ஒன்று, போன் பக்கத்து வேலை. இரண்டு, தூரத்துக் கணினிகளில் தரவுகளைச் சேமிக்கிற வேலை. மூன்றாவது, நாம் சொல்லச் சொல்லத் தானே நிரல் எழுதுகிற எந்திரத்தை வைத்து வேலை வாங்குவது. அவரவர் ஒரு பாதையைத் தேர்ந்துகொள்ளலாம். வகுப்பு நடக்கும், முடிவில் பரீட்சை. தேறாதவர்களுக்கு வெளியில் வேறு வாய்ப்பு தேட நிர்வாகமே உதவும்.

வேறு வாய்ப்பு என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

தேநீர் அறைக்கு வெளியே ஒரு வெள்ளைப் பலகை வைத்தார்கள். மூன்று பத்திகள், ஒவ்வொன்றிலும் இத்தனை பேர்தான் என்று கட்டம். எல்லோருக்கும் கண் மூன்றாவதன் மேல்தான். ஆனால் ஒருவர் கூடப் பேனாவைத் தொடவில்லை. சங்கக்கா எழுதட்டும் என்று காத்திருந்தார்கள். தாகமே இல்லாதவர்கள் எல்லாம் தண்ணீர் பிடிக்க வந்தார்கள். தாடி என் மேசையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டை வைத்து, "எதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லேன்" என்றான். நான் பிஸ்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் மேலாளர் அக்காவைத் தனியாக உள்ளே அழைத்தார். திரும்பி வந்தபோது அக்காவின் முகத்தில் எதுவும் இல்லை. தாடி பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டான். "நீங்க எதைக்கா எடுக்குறீங்க?"

"எனக்கு எதுவும் இல்லையாம்" என்றார் அக்கா.

அவ்வளவுதான். பந்திக்கு முந்து என்று சும்மாவா சொன்னார்கள்? அவர் தொடாத மூன்று பாதைகளும் சுத்தம், பயமில்லை. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு எழுதினார்கள். மூன்றாவது பத்தி நிரம்பி, கடைசிப் பெயர் பலகையின் ஓரத்தில் மடங்கித் தொங்கியது.

அக்கா என்னைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டார். எங்கள் கட்டடத்தில் எல்லோரும் மின்தூக்கியில் போவதால் படிக்கட்டுதான் தனியாகப் பேசுகிற இடம். மேலாளர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "நீங்க எதுக்கு மேடம் இந்த வயசுல பரீட்சை அது இதுன்னு கஷ்டப்படணும். பழசுக்கு நீங்கதான் தூண். கடைசி வாடிக்கையாளர் மாறுற வரைக்கும் நிம்மதியா அதைப் பாத்துக்கங்க."

எனக்கு அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. "நல்லதுதானேக்கா. பரீட்சை தொல்லை இல்ல."

அக்கா என் பக்கம் திரும்பினார். "கேக் சாப்பிட வருவியா?" என்றார்.

எனக்கு உடனே உறைக்கவில்லை. பிறகுதான் கேக் கதை நினைவுக்கு வந்தது. அந்தக் கதையை அக்கா எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார். கறுப்புத் திரைக் காலத்தில் அவருக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் புதியதற்குப் போனபோது, நீங்கள் இதையே பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று அவரை விட்டுவிட்டுப் போனார்கள். அவரும் பெருமையாகவே பார்த்துக்கொண்டார். கடைசி வாடிக்கையாளர் மாறிய நாளில் ஒரு கேக் வாங்கி வந்து அவரையே வெட்டச் சொன்னார்கள். எல்லோரும் தின்று முடித்ததும் அந்த மனிதர் கத்தியைக் கழுவி, துடைத்து, தேநீர் அறையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து வரவில்லை. வரச் சொல்லவும் இல்லை. அன்று கேக் வாங்கப் போன இளைஞன்தான் இன்றைய மேலாளர்.

"ஆனா புதுசுக்கு மாத்துற வேலை எப்பவும் உங்ககிட்டதானேக்கா வரும்?" என்றேன். "அதைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வந்துடலாமே."

"அதான் இந்தத் தடவை எந்திரமே மாத்திடுமாம்" என்றார். "நான் ஏறி வர்ற ஏணியை முதல்லயே எடுத்துட்டாங்கடி."

அன்று மாலை நானும் அவரோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே பேருந்துதான், அடுத்த தெருதான். வீட்டில் அவர் கணவர் இருந்தார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவர், அதிகம் பேச மாட்டார். அக்காவின் தம்பியும் வந்திருந்தான். அவனும் எங்கள் தொழில்தான், வேறு நிறுவனம். சந்தையில் புதிதாக எது வந்தாலும் அதில் அவன் பெயருக்கு ஒரு சான்றிதழ் இருக்கும். நுனிப்புல் மேய்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

விஷயத்தைக் கேட்டதும் தம்பிதான் முதலில் ஆரம்பித்தான். "அக்கா, நீ அவங்களை நம்பி இருக்காதே. வெளிய வா. இப்ப புதுசா ஒண்ணு வந்திருக்கு, நான் கூட ஆரம்பிச்சிருக்கேன்."

"டேய், நீ எதையாவது ரெண்டாவது அத்தியாயம் வரைக்கும் படிச்சிருக்கியாடா?"

"ரெண்டாவது அத்தியாயம் வர்றதுக்குள்ள புதுப் பதிப்பு வந்துடுதேக்கா. நான் என்ன பண்றது?"

கணவர் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். பிறகு தம்பி கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "இல்ல, நிஜமாத்தான் கேக்குறேன். இந்த வயசுல இந்தப் பசங்களோட போட்டி எதுக்கு? அவங்க மூணு மாசத்துல பிடிச்சுக்குவாங்க. நீ தோத்துட்டா அசிங்கம். சும்மா இருந்தா மரியாதையாவாவது வெளிய வரலாம்" என்றான்.

அக்கா கையிலிருந்த டம்ளரைச் சத்தம் வர வைத்தார். "மரியாதையா? கேக் வெட்டி அனுப்புறதா மரியாதை? எனக்குப் பயமாத்தான்டா இருக்கு. இல்லைன்னு சொல்லல. கறுப்புத் திரை முன்னாடி உக்காந்த முத நாளும் பயம். அந்த போனுக்கு எழுதும்போதும் பயம். நான் எதைத்தான் பயப்படாம படிச்சேன்? பயந்துகிட்டேதான் படிச்சேன். முடிச்சேன். இப்ப மட்டும் பயம் இருக்குன்னு நான் ஏன் உக்காந்துக்கணும்?"

கணவர் எழுந்து காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "அப்போ படி" என்றார். அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

எங்களுக்குத் தினமும் காலையில் நின்றுகொண்டே ஒரு கூட்டம் நடக்கும். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று நிற்க வைக்கிறார்கள். ஒவ்வொருவரும் மூன்றே விஷயம் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப் போகிறேன், எனக்கு என்ன தடை. பெரும்பாலும் யாரும் யாரையும் கேட்பதில்லை. தன் முறை வரும்வரை மனதுக்குள் பொய் தயாரித்துக்கொண்டிருப்பார்கள்.

மறுநாள் அக்காவின் முறை வந்தது.

"நேத்து, என்னைப் படிக்க வேணாம்னு சொன்னாங்க. இன்னைக்கு, நான் படிக்கப் போறேன். மூணாவது பாதை. தடை, நீங்கதான் சார்."

எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். மேலாளர் தன் வழக்கமான புன்னகையை எடுத்து மாட்டிக்கொண்டார். "மேடம், அதை நாம உள்ள உக்காந்து பேசலாமே. மூணாவதுல இப்ப இடமும் இல்ல."

தாடிக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதுல வந்து சங்கு ஊதிடாதீங்க. நாங்க எல்லாரும் அதுலதான் இருக்கோம்."

பட்டென்று சிரிப்பு எழுந்து, பட்டென்று அடங்கியது. அந்தப் பெயர் அவர் முகத்துக்கு நேராக வந்தது அதுதான் முதல் முறை. தாடி நாக்கைக் கடித்துக்கொண்டான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது.

அக்கா கோபப்படவில்லை. தாடியைப் பார்க்கவும் இல்லை. மேலாளரைப் பார்த்தார்.

"சார், இவங்க எல்லாம் இதைக் காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதைன்னு நெனச்சுச் சிரிக்கிறாங்க. சிலர் நெஜமாவே காக்காதான் தள்ளி விட்டுச்சுன்னு நம்புறாங்க. பழம் விழப் போகுதுன்னு தெரிஞ்சு காக்காவைக் கொண்டுபோய் அங்க உக்கார வச்சது யாரு? நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மேலாளர் கையிலிருந்த கோப்பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

அக்காவே சொன்னார். "அந்த பிரவுசர் சமாச்சாரத்தை மூடப் போறோம்னு முடிவாயிடுச்சு, நல்லபடியா முடிச்சுக் குடுக்க நம்பிக்கையான ஆள் வேணும்னுதான் என்னை அங்க அனுப்பினீங்க. போனுக்கும் அப்படித்தான். சாம்பலுக்கும் அப்படித்தான். வெளிய தெரிஞ்சா வாடிக்கையாளர் ஓடிடுவாங்க, வாயைத் திறக்காதீங்கன்னு சொன்னீங்க. திறக்கல. இத்தனை வருஷமா முதுகுக்குப் பின்னாடி சங்கு சங்குன்னு கூப்பிட்டாங்க, அப்பவும் திறக்கல. பொணத்தைத் தூக்குனவளைப் பாத்து நீதான் கொன்னேன்னு சொல்றாங்க, கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப அந்தப் பொணத்தோட என்னையும் சேத்து அனுப்பலாம்னு பாக்குறீங்களே, அதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்."

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து, கூட்டம் முடிந்தது என்றார். அதுவே போதுமானதாக இருந்தது.

அக்கா பலகைக்குப் போனார். மூன்றாவது பத்தியில் கட்டம் நிரம்பி வழிந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, கட்டத்துக்கு வெளியே, கடைசிப் பெயருக்குக் கீழே, தன் முழுப் பெயரையும் நிறுத்தி எழுதினார். "இடம் இல்லைன்னா இங்கயே நின்னுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இருக்கைக்கு வந்து உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எங்கள் ஆட்கள் தர்க்கத்தில் புலிகள். இது நடந்தால் அது, அது நடந்தால் இது என்று நாள் முழுக்க எழுதிப் பிழைப்பவர்கள். அன்று தேநீர் நேரத்தில் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து விவாதித்தார்கள். ஒரு கட்சிக்கு அக்கா சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை: அவர் ராசி அப்படி, தொட்டால் பட்டுப்போகும், அவ்வளவுதான். இன்னொரு கட்சி தாடியின் தலைமையில் ஆழமாக யோசித்தது. நிர்வாகம் சாகப் போவதற்குத்தான் அக்காவை அனுப்புகிறது என்பது இப்போது நிரூபணமாகிவிட்டது. அக்கா இப்போது மூன்றாவது பாதையில் இருக்கிறார். ஆகவே மூன்றாவது பாதை சாகப் போகிறது என்று நிர்வாகத்துக்கு ஏற்கெனவே தெரியும்.

அவரை இந்த முறை யாரும் அனுப்பவில்லை, அனுப்ப மாட்டோம் என்று சொல்லித்தான் சண்டையே வந்தது என்பது ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஓட்டையைக் கண்டால் சொல்லுவதுதான் என் வேலை. ஆனால் அன்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. தாடியின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மூன்றாவது பத்தியில் பெயர்கள் அழிந்துகொண்டிருந்தன. ஒருவர் விரலால் துடைத்தார், ஒருவர் சட்டைக் கையால் துடைத்தார். சாயங்காலத்துக்குள் பத்தியில் பாதி காலி. மற்ற இரண்டும் பிதுங்கின. சிவப்புப் பெயர் மட்டும் கட்டத்துக்கு வெளியே அப்படியே நின்றது.

அடுத்த நாள் மேலாளர் அக்காவை அழைத்தார். என்னையும் கூட வரச் சொன்னார் அக்கா, சாட்சிக்கு என்றார். மேலாளரின் முகத்தில் புன்னகை இல்லை. மூன்றாவது பாதையில் இடம் நிரம்பிவிட்டது என்று அவர் முதல் நாளே மேலிடத்துக்குச் சொல்லிவிட்டிருந்தார். இப்போது தலை எண்ணிப் பார்த்தால் மானம் போகும்.

"மேடம், நீங்க வேற எதையாவது எடுத்துக்கங்களேன். போன் பக்கம் போங்க. உங்களுக்காக நான் பேசுறேன். நீங்க அந்தப் பேரை அழிச்சாதான் இவங்க எல்லாம் திரும்பி வருவாங்க."

"அழிக்க மாட்டேன் சார்."

"உங்களுக்கே தெரியும், இதெல்லாம் மூடநம்பிக்கை."

"எனக்குத் தெரியும். நீங்க அதை அவங்ககிட்டதானே சொல்லணும்? இத்தனை வருஷமா சொல்லி இருக்கலாமே." அக்கா நாற்காலியை நகர்த்தி எழுந்தார். "இடம் இல்லைன்னு சொன்னீங்க. இப்ப நெறைய இருக்கு. எனக்கு ஒண்ணு போதும்."

வெளியே வந்ததும் நான் கேட்டேன். "இப்படி ஓடுவாங்கன்னு தெரிஞ்சேதான் எழுதினீங்களாக்கா?"

"நான் என் பேரை எழுதினேன். ஓடினது அவங்க" என்றார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. நான் பேனாவை எடுத்து, கட்டத்துக்குள் காலியாக இருந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். அந்த எந்திரம் எழுதுவதையும் யாராவது உடைத்துப் பார்க்கத்தானே வேண்டும்.

வகுப்பு சுலபமாக இல்லை. இதை மறைப்பதற்கில்லை. பாடம் நடத்திய பெண் வேகமாகப் பேசினாள், நாங்கள் ஒன்றைப் புரிந்துகொள்வதற்குள் மூன்றைத் தாண்டியிருப்பாள். அக்கா ஒவ்வொரு முறையும் கையைத் தூக்கி, "திரும்பச் சொல்லுங்க" என்பார். பின்வரிசையில் யாராவது பெருமூச்சு விடுவார்கள். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கும் புரியல, நான்தான் கேக்குறேன்" என்பார். அந்த எந்திரத்தோடு அவர் போட்ட சண்டை தனிக்கதை. கேட்ட கேள்விக்கு அது மளமளவென்று எழுதித் தள்ளும். அழகாக இருக்கும், ஓட்டிப் பார்த்தால் தப்பாக இருக்கும். தப்பு என்றால் உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்னொரு தப்பை அதே அழகோடு எழுதித் தரும்.

"இது நம்ம தாடி மாதிரிடி. தெரியலைன்னு ஒரு தடவை கூடச் சொல்ல மாட்டேங்குது" என்றார் அக்கா.

முதல் பரீட்சையில் அவர் தேறவில்லை. நான் மயிரிழையில் தப்பினேன், அவர் மயிரிழையில் தவறினார். செய்தி அலுவலகம் முழுக்கப் பரவ ஒரு காபி ஆறும் நேரம் கூட ஆகவில்லை. மேலாளர் மறுபடியும் தேன் தடவிய குரலில் வந்தார். பழைய இடம் அப்படியேதான் இருக்கிறது, யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள் என்றார்.

அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. நான் பார்த்தேன், மேலாளரும் பார்த்தார். அதை மறைக்க அவர் முயலவில்லை. "இன்னொரு தடவை எழுதலாம்னு விதி இருக்கு சார். நான் படிச்சேன். எழுதுறேன்" என்றார். அன்று பேருந்தில் வரும்போது சன்னலோரம் உட்கார்ந்து போனில் பாடக் குறிப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிவிட்டது. இருவரும் நடந்து திரும்பி வந்தோம்.

இரண்டாம் முறை தேறினார். முதல் இடமெல்லாம் இல்லை, நடுவில் எங்கோ. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. முதலிடம் வாங்கியிருந்தால் தாடி அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பான்.

சாம்பல் ஜன்னல் இந்த வருடம் ஓய்ந்தது. கடைசி வியாபாரியும் புதியதற்கு மாறிய அன்று, வழக்கப்படி தேநீர் அறையில் கேக் வந்தது. எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். கேக்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலாளர் கொஞ்சம் திணறினார். யார் வெட்டுவது? வெட்ட வேண்டியவர் அவர் கணக்குப்படி இன்று கிளம்ப வேண்டியவர். கிளம்பாமல் எதிரே நின்றுகொண்டிருந்தார், கையில் புது வேலையின் அடையாள அட்டையோடு.

அக்காவே கத்தியை எடுத்து வெட்டினார். எல்லோருக்கும் துண்டு போட்டுக் கொடுத்தார். தாடிக்குக் கொஞ்சம் பெரியதாகவே கொடுத்தார்.

தாடி வாயில் கேக்கோடு, "அக்கா, நாம படிச்ச எந்திரத்துக்குப் பதிலா அடுத்தது ஒண்ணு வந்துடுச்சாமே. இதுக்கும் ஊதியாச்சு போலிருக்கு" என்றான். அவன் அந்தப் படிப்பின் பக்கமே வராதவன். இருந்தாலும் 'நாம' என்றான். அந்தச் சொல்லில் கேலி குறைவாகவும் கவலை அதிகமாகவும் இருந்தது. அவன் ஓடிப் போய் ஏறிய போன் பாதையும் தள்ளாடுவதாகப் பேச்சு.

"வரட்டுமே" என்றார் அக்கா. "நாலு செத்தாச்சு. இது அஞ்சாவது. நான் இருக்கேன்ல? சங்குன்னு கூப்பிடுறதுன்னா தாராளமாக் கூப்பிடு. ஆனா அதையும் சேத்து எண்ணிக்க. அத்தனையும் போச்சு, நான் போகல."

யாரும் சிரிக்கவில்லை. தாடி தட்டைப் பார்த்தபடி, "அடுத்து எதைக்கா படிக்கப் போறீங்க?" என்று கேட்டான். இந்த முறை தப்பித்து ஓடுவதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"பலகையில எழுதுவேன். வந்து பாத்துக்க" என்றார் அக்கா.

தன் துண்டை நிதானமாகத் தின்று முடித்தார். விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு க்ரீம் ஒட்டியிருந்த கத்தியை எடுத்து, கைப்பிடியை முன்னால் திருப்பி, மேலாளரிடம் நீட்டினார்.

"கழுவி வச்சுடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்.